கம்ப்ரியா என்ற கவுண்டி இப்போது இருக்கிறதா? மலையும் மன்றங்களும் பற்றி ஓர் இழை

ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கெண்டல் நகருக்குக் குடிவந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் சிலர் சேர்ந்து ஊர் அறிமுகக் கையேடு ஒன்றைத் தயாரித்து வருகிறோம். இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் கம்ப்ரியாவைப் பற்றிய பக்கம் என் பொறுப்பு. முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன்.

“கம்ப்ரியா ஒரு கவுண்டி”, அதாவது இங்கிலாந்தின் பெரிய நிலப்பிரிவுகளில் ஒன்று, என்று எழுதினேன். உள்ளாட்சி மன்றத்துக்குக் கட்ட வேண்டிய கவுன்சில் வரிச் சீட்டு வீட்டுக்கு வந்தது. அதை எடுத்துப் பார்த்தால், கம்ப்ரியா கவுண்டி மன்றம் என்ற பெயரே அதில் இல்லை. வெஸ்ட்மோர்லாந்து-ஃபர்னஸ் மன்றத்துக்கு ஒரு தொகை, கெண்டல் நகர மன்றத்துக்கு ஒரு சிறு தொகை, காவலுக்கும் தீயணைப்புக்கும் தனித்தனித் தொகைகள் என்று போட்டிருக்கிறார்கள். கடைசி இரண்டில் மட்டும்தான் கம்ப்ரியா என்ற சொல் வருகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவரோ தாம் பிறந்ததும் வாழ்வதும் வெஸ்ட்மோர்லாந்து என்கிறார். கம்ப்ரியா என்று அவர் வாயால் ஒரு முறைகூடச் சொல்லிக் கேட்டதில்லை.

கம்ப்ரியா என்பது இப்போது எது? ஆட்சி அமைப்பா, நிலப்பகுதியின் பெயரா, வெறும் அஞ்சல் முகவரியா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழையவரைபடம் எழுதியது:

சகோதரி, இங்கிலாந்தில் ஒரே நிலத்தின் மேல் மூன்று விதமான கவுண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காதவரை இந்தக் குழப்பம் தீராது.

அடியில் இருப்பவை வரலாற்றுக் கவுண்டிகள். இன்று கம்ப்ரியா எனப்படும் பரப்பில் கம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து என்ற இரண்டும் முழுமையாக அடங்குகின்றன. அவற்றோடு லங்காஷயரின் ஒரு துண்டும் உண்டு. மோர்கம் விரிகுடாவின் மணல்வெளி இடையில் கிடந்ததால், தாய்க் கவுண்டியிலிருந்து கடலால் வெட்டுண்டு நின்ற ஃபர்னஸ், கார்ட்மெல் பகுதிகள் அவை. “மணலுக்கு வடக்கே உள்ள லங்காஷயர்” என்றே அதற்குப் பெயர் இருந்தது. யார்க்ஷயரின் மேற்குப் பிரிவிலிருந்து செட்பர் சுற்றுவட்டாரமும் வந்து சேர்ந்தது.

1972-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் இந்த நான்கையும் ஒட்டவைத்து, 1974 ஏப்ரல் 1 அன்று கம்ப்ரியா என்ற புதிய நிர்வாகக் கவுண்டியை உருவாக்கியது. கவுண்டி மன்றம் கார்லைலில் அமர்ந்தது. அதன் கீழ் அலர்டேல், பாரோ, கார்லைல், கோப்லாந்து, ஈடன், தென் லேக்லாந்து என்று ஆறு மாவட்ட மன்றங்கள் இயங்கின. பள்ளி, சாலை, முதியோர் பராமரிப்பு போன்றவை கவுண்டி மன்றத்திடமும், குப்பை அகற்றுதல், வீட்டு வசதி, கட்டட அனுமதி போன்றவை மாவட்ட மன்றங்களிடமும் இருந்தன. 49 ஆண்டுகள் இப்படியே நடந்தது.

2023 ஏப்ரல் 1 அன்று இந்த ஏழு மன்றங்களும் கலைக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் எல்லாப் பணிகளையும் தாமே செய்யும் இரண்டு ஓரடுக்கு மன்றங்கள் வந்தன. அலர்டேல், கார்லைல், கோப்லாந்து மூன்றும் சேர்ந்து கம்பர்லாந்து மன்றம் ஆயின. பாரோ, ஈடன், தென் லேக்லாந்து மூன்றும் சேர்ந்து வெஸ்ட்மோர்லாந்து-ஃபர்னஸ் மன்றம் ஆயின.

ஆனால் சடங்குக் கவுண்டி என்ற மூன்றாவது அடுக்கு கலைக்கப்படவில்லை. மன்னரின் பிரதிநிதியாகிய லார்டு லெப்டினன்ட்டும் ஷெரிப்பும் இன்றும் கம்ப்ரியா முழுமைக்கும்தான். காவல்துறையும் தீயணைப்புப் படையும் அப்படியே. உங்கள் சீட்டில் அந்த இரண்டு இனங்களில் மட்டும் கம்ப்ரியா என்ற சொல் இருப்பதற்கு இதுவே காரணம்.

மலைப்பாதை எழுதியது:

பழையவரைபடம் ஐயா வரலாற்றைச் சொல்லிவிட்டார். இத்தனை துண்டுகள் ஏன் ஒட்ட மறுக்கின்றன என்பதற்கான விடை நிலத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. பதினோரு ஆண்டுகளாக வார இறுதிகளில் இந்த மலைகளில் நடந்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

விரித்த குடை ஒன்றைத் தரையில் கவிழ்த்து வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். குடையின் உச்சியில் இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அங்கிருந்து குடைக்கம்பிகள் போல எல்லாத் திசைகளிலும் பள்ளத்தாக்குகள் இறங்குகின்றன. அவற்றில் பனியாறுகள் குடைந்த நீண்ட ஒடுக்கமான ஏரிகள் கிடக்கின்றன. தெற்கே இங்கிலாந்தின் மிக நீண்ட ஏரியாகிய விண்டர்மியர், மேற்கே மிக ஆழமான ஏரியாகிய வாஸ்ட்வாட்டர், வடக்கே டெர்வென்ட்வாட்டர், வடகிழக்கே அல்ஸ்வாட்டர். நடுவில் பெரிய ஊர் எதுவும் இல்லை. மக்கள் தொகையில் பெரும்பகுதி குடையின் விளிம்பில்தான் வாழ்கிறது. வடக்கில் கார்லைல், மேற்குக் கடற்கரையில் நிலக்கரியாலும் இரும்பாலும் வளர்ந்த வர்க்கிங்டன், வைட்ஹேவன், தெற்கு முனையில் கப்பல் கட்டும் பாரோ, கிழக்கில் பென்ரித், தென்கிழக்கில் கெண்டல் என்று பெரிய ஊர்கள் எல்லாமே விளிம்பில் உள்ளவை.

ஆக, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக வேண்டுமானால் பெரும்பாலும் மலையைச் சுற்றித்தான் போக வேண்டும். ரயில் பாதைகளைப் பாருங்கள். லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து செல்லும் முதன்மைப் பாதை கிழக்கு ஓரமாக ஆக்சன்ஹோம், பென்ரித், கார்லைல் என்று போகிறது. இன்னொன்று பாரோவிலிருந்து கடலை ஒட்டி மில்லம், செல்லஃபீல்டு, வைட்ஹேவன் வழியாகக் கார்லைலை அடைகிறது. நடுவே குறுக்காகச் செல்லும் பாதை இன்று ஒன்றும் இல்லை. ஹார்ட்நாட், ரைனோஸ் என்ற இரண்டு கணவாய்ச் சாலைகள் உள்ளன. மூன்றடி போனால் ஓரடி ஏற வேண்டிய செங்குத்து ஏற்றங்கள் அவற்றில் உண்டு. கார் ஓட்டிப் பழகியவர்களுக்கே வியர்க்கும்.

ரைனோஸ் கணவாயின் உச்சியில் சாலையோரமாக, ஆள் உயரத்துக்கும் சற்று அதிகமாக, ஒரு சுண்ணாம்புக்கல் தூண் நிற்கிறது. முன்புறம் ‘லங்காஷயர்’ என்று செதுக்கியிருக்கும். பின்புறம் 1816 என்று ஆண்டு இருக்கும். கம்பர்லாந்தும் வெஸ்ட்மோர்லாந்தும் லங்காஷயரும் சந்தித்த இடம் அது. ஒரு பிப்ரவரி மாதம், மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லாமல் அந்தத் தூணின் மறைவில் பத்து நிமிடம் நின்றேன். நான்கு பக்கமும் பார்த்தாலும் ஒரு வீடு கண்ணில் படவில்லை. ஆளில்லாத உச்சியில் மூன்று கவுண்டிகளின் எல்லைகள் சந்தித்தது தற்செயல் அல்ல என்று அங்கே நின்றபோது புரிந்தது. மூன்று திசைகளிலிருந்தும் ஆட்சி ஏறி வந்து, அதற்குமேல் போக முடியாமல் நின்றுபோன இடம் அது.

துறைமுகம் எழுதியது:

வணக்கம். நான் பாரோவில் இருக்கிறேன். சொந்த ஊர் பருத்தித்துறை என்றபடியால், மன்றம் என்பதை நான் சபை என்றே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளவும்.

மலைப்பாதை அண்ணா சொன்னதோடு கடலையும் சேர்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மலை ஒருபுறம் வழியை மறிக்க, ஆற்று முகத்துவாரங்கள் மறுபுறம் மறிக்கின்றன. பாரோவுக்கு வடக்கே உள்ள ஆஸ்கம் கடற்கரையில் நின்றால் டட்டன் முகத்துவாரத்துக்கு அப்பால் மில்லம் ஊரின் வீடுகள் கண்ணுக்குத் தெரியும். நேரே நடந்தால் மணலும் சேறும் அலையும்தான். காரில் போவதென்றால் வடக்கே டட்டன் பாலம் வரை ஏறி, மறுகரை வழியாக இறங்க வேண்டும். அந்த மில்லம் இப்போது கம்பர்லாந்து சபைக்குள் இருக்கிறது. ஆனால் மில்லத்து மக்களுக்குப் பெரிய வைத்தியசாலை எங்கள் பாரோவில் உள்ளதுதான். சுகாதாரத் துறையின் பிரிப்பில் எங்களையும் மில்லத்தையும் ‘லங்காஷயர், தென் கம்ப்ரியா’ என்ற கூறில் வைத்திருக்கிறார்கள். கம்ப்ரியாவின் வடபகுதியோ வடகிழக்கு இங்கிலாந்தோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. சபை ஒரு பக்கம், வைத்தியசாலை மறுபக்கம்.

சீர்திருத்தப் பேச்சு வந்தபோது பாரோ, தென் லேக்லாந்து சபைகள் வேறொரு திட்டத்தை முன்வைத்தன. விரிகுடாவைச் சுற்றி வாழும் பாரோ, கெண்டல், லங்காஸ்டர் மூன்று பகுதிகளையும் ஒரே சபையாக்கலாம் என்பது அது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நாங்கள் வேலைக்கும் படிப்புக்கும் தெற்கே லங்காஸ்டர் போகிறோமே தவிர, வடகிழக்கு மூலையில் உள்ள ஆல்ஸ்டனுக்கு என்ன காரியமாகப் போவோம்? இன்று பாரோவும் ஆல்ஸ்டனும் ஒரே சபைக்குள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வாகனத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது.

கணக்கன் எழுதியது:

துறைமுகம் அவர்களின் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அரசு எடுத்த முடிவையும் அதன் காரணங்களோடு பார்க்க வேண்டும். 2021 ஜூலையில் தேர்ந்தெடுக்கப்பட்டது கிழக்கு-மேற்கு என்ற பிரிவினை. விரிகுடாத் திட்டத்துக்கு லங்காஷயரையும் உடைக்க வேண்டியிருந்திருக்கும். கம்ப்ரியா கவுண்டி மன்றமோ முழுக் கவுண்டிக்கும் ஒரே மன்றம் போதும் என்று வாதாடியது. முடிவை எதிர்த்து நீதிமன்றம் வரை போனது. 2022-இல் அந்த மனு ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு மே மாதம் புதிய மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது.

எண்களைச் சொல்கிறேன். 2021 கணக்கெடுப்பின்படி கம்ப்ரியாவின் மக்கள் தொகை ஏறத்தாழ 5 லட்சம். பரப்பு சுமார் 6,770 சதுர கி.மீ. கம்பர்லாந்தில் சுமார் 2.73 லட்சம் பேருக்கு 46 உறுப்பினர்கள். வெஸ்ட்மோர்லாந்து-ஃபர்னஸில் சுமார் 2.26 லட்சம் பேருக்கு 65 உறுப்பினர்கள். மக்கள் குறைவாக உள்ள மன்றத்தில் உறுப்பினர்கள் கூடுதல். ஓர் உறுப்பினர் கம்பர்லாந்தில் ஏறத்தாழ 5,900 பேருக்கும் வெஸ்ட்மோர்லாந்து-ஃபர்னஸில் ஏறத்தாழ 3,500 பேருக்கும் பொறுப்பு.

என் கருத்து இதுதான். 5 லட்சம் பேர் என்பது ஒரே மன்றம் தாங்கக்கூடிய அளவுதான். குழந்தைகள் நலம், முதியோர் பராமரிப்பு ஆகிய இரண்டும் எந்த மன்றத்தின் வரவு-செலவிலும் பெரும்பங்கை விழுங்குபவை. 49 ஆண்டுகள் ஒன்றாக இருந்த அந்தத் துறைகளை இரண்டாகப் பிளந்து, இரண்டு இயக்குநர்கள், இரண்டு மென்பொருள்கள், இரண்டு ஒப்பந்தங்கள் என்று ஆக்கியதில் சிக்கனம் எங்கே இருக்கிறது?

மலைப்பாதை எழுதியது:

கணக்கன் ஐயா, உங்கள் எண்களை மறுக்கவில்லை. ஆனால் நடுவில் மலை இருக்கும்போது ஒரே மன்றம் என்பது கார்லைலில் உட்கார்ந்து பாரோவை ஆள்வதுதான். அந்த 49 ஆண்டுகளும் பாரோக்காரர்களின் குறை அதுதானே. ஓர் ஊரின் நூலகத்தை மூடுவதா வேண்டாமா என்ற கூட்டத்துக்குப் போய்வர ஒரு முழு நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தால், மன்றத்தின் கதவு திறந்திருந்தும் பயனில்லை.

எனினும் பெயர் வைத்ததில் எனக்கும் வருத்தம் உண்டு. பென்ரித் பழைய கம்பர்லாந்தின் ஊர், ஆல்ஸ்டனும் அப்படியே. இன்று இரண்டும் ‘வெஸ்ட்மோர்லாந்து-ஃபர்னஸ்’ என்ற பெயரின் கீழ் இருக்கின்றன. பழைய பெயரை மீட்டெடுத்துவிட்டு, பழைய எல்லையை மீட்காமல் விட்டதால் வந்த வினை.

ஏரிக்கரை எழுதியது:

எவ்வளவு செய்திகள்! மிக்க நன்றி. இடையில் ஒரு சந்தேகம். ஆம்பிள்சைடில் இருக்கும் என் தோழி வீட்டின் பின்புறம் ஓர் அறை கட்ட விரும்பினார். மன்றத்தைக் கேட்டபோது, அனுமதி வழங்குவது தாங்கள் அல்ல என்று சொல்லிவிட்டார்களாம். எல்லாப் பணிகளையும் செய்யும் ஓரடுக்கு மன்றம் என்கிறீர்களே, அது எப்படி?

பழையவரைபடம் எழுதியது:

நல்ல கேள்வி. ஆம்பிள்சைடு 1951-இல் அமைக்கப்பட்ட லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பூங்கா எல்லைக்குள் கட்டட அனுமதி அளிப்பது பூங்கா ஆணையம். அதன் அலுவலகம் உங்கள் கெண்டலிலேயே இருக்கிறது. அங்கே குப்பை எடுப்பதும் சாலையைச் செப்பனிடுவதும் மன்றத்தின் வேலை. சன்னலின் அளவையும் கூரைக் கல்லின் நிறத்தையும் பார்ப்பது ஆணையத்தின் வேலை. 2,300 சதுர கி.மீ.-க்கும் மேற்பட்ட அந்தப் பூங்கா இரண்டு மன்றங்களின் நிலத்திலும் பரந்து கிடக்கிறது. செட்பர் பக்கம் போனால் யார்க்ஷயர் டேல்ஸ் என்ற வேறொரு தேசியப் பூங்கா. அந்த ஊர் கம்ப்ரியாவுக்கு வந்து அரை நூற்றாண்டு ஆகியும், அதன் பூங்காவின் பெயரில் யார்க்ஷயர்தான் இருக்கிறது.

ஈடன்கரை எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்றை யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். நான் கார்லைலில், ஈடன் ஆற்றுக்குப் பக்கத்தில் வாழ்பவள். இந்தக் கவுண்டியை ஒன்றாகக் கட்டுவது எது என்று என்னைக் கேட்டால் மழைநீர் என்பேன்.

ஈடன் ஆறு கவுண்டியின் தென்கிழக்கு ஓரத்தில் மாலர்ஸ்டாங் மேட்டுநிலத்தில் பிறந்து, கர்க்பி ஸ்டீபன், ஆப்பிள்பி வழியாக வடக்கு நோக்கி ஓடுகிறது. அல்ஸ்வாட்டர் ஏரியின் நீரும் அதில் சேர்கிறது. இவை அனைத்தும் வெஸ்ட்மோர்லாந்து-ஃபர்னஸ் நிலம். பிறகு கம்பர்லாந்து மன்றத்தின் எல்லைக்குள் நுழைந்து, கார்லைல் நகரில் கால்டூ, பெட்டரில் என்ற இரண்டு ஆறுகளையும் வாங்கிக்கொண்டு, சால்வே கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. பெரும்பாலான மழை ஒரு மன்றத்தின் மலையில் பெய்கிறது. வெள்ளம் இன்னொரு மன்றத்தின் தெருவில் ஏறுகிறது.

அந்த மழை எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மலை நடுவில் உள்ள சீத்வெயிட் என்ற சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.-க்கும் மேல் பெய்கிறது. மலைக்கு மறுபுறம் உள்ள பென்ரித்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. 2015 டிசம்பர் 5-ஆம் தேதி டெஸ்மண்டு புயலின்போது ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மி.மீ. பதிவானது. அதற்கு முன் எந்த 24 மணி நேரத்திலும் இந்த நாட்டில் அவ்வளவு மழை பதிவானதில்லை. 2005 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு கார்லைலில் எழுப்பிய கரைகளையும் தாண்டி நீர் ஊருக்குள் வந்தது.

அன்றிரவு நாங்கள் மாடியில் இருந்தோம். மின்சாரம் போய்விட்டது. படியில் உட்கார்ந்து டார்ச் அடித்து, நீர் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று என் கணவர் எண்ணிக்கொண்டே இருந்தார். நான்காவது படியில் நின்றது. விடிந்து வெள்ளம் வடிந்தபோது சமையலறையில் குளிர்பதனப் பெட்டி மல்லாந்து கிடந்தது. அரிசி மூட்டை ஊறி வெடித்து, சேற்றோடு சேர்ந்து தரை முழுவதும் ஒட்டியிருந்தது. சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. சுண்ணாம்புப் பூச்சை அதற்கு மேலேயும் ஒரு முழம் வெட்டியெடுத்து, இயந்திரங்கள் வைத்து மாதக்கணக்கில் உலர்த்திய பிறகுதான் வீடு திரும்பினோம்.

அதே புயலில் கிராஸ்மியரிலிருந்து கெசிக் செல்லும் ஏ591 சாலை, டன்மெயில் ரெய்ஸ் என்ற மேட்டருகே அடித்துச் செல்லப்பட்டது. 2016 மே மாதம்தான் முழுவதும் திறந்தார்கள். குடையின் நடுவே போகும் ஒரே நல்ல சாலை அதுதான். அரை மணி நேரப் பயணம் பல மாதங்கள் பென்ரித்தைச் சுற்றிப் போகும் பயணமானது. டன்மெயில் ரெய்ஸ் பழைய கம்பர்லாந்துக்கும் வெஸ்ட்மோர்லாந்துக்கும் எல்லை. இன்று இரண்டு புதிய மன்றங்களுக்கும் அதுவே எல்லை. இன்னொரு முறை அந்த இடத்தில் சாலை சரிந்தால், இரண்டு மன்றங்களின் பொறியாளர்கள் இரு பக்கத்திலிருந்தும் வந்து நிற்பார்கள்.

கணக்கன் சொல்வதும் மலைப்பாதை சொல்வதும் எனக்குப் புரிகிறது. குப்பைக்கும் நூலகத்துக்கும் மன்றம் பக்கத்தில் இருக்கட்டும். ஆற்றுக்கு மட்டும் ஊற்றுமுதல் கழிமுகம்வரை ஒரே கண் வேண்டும். முதன்மை ஆறுகளைச் சுற்றுச்சூழல் முகமை பார்க்கிறது என்றாலும், வடிகால், சிற்றோடை, சாலைப் பாலம் ஆகியவற்றின் பொறுப்பு மன்றங்களிடம்தான் இருக்கிறது.

கணக்கன் எழுதியது:

ஈடன்கரை அக்கா, இதற்குப் பிறகு நான் செலவுக் கணக்கை மட்டும் பேசுவது சரியாகாது. நீங்கள் கேட்கும் “ஒரே கண்”ணுக்கு ஒரு வாய்ப்பு வருகிறது. இரண்டு மன்றங்களுக்கும் மேலாகக் கம்ப்ரியா முழுமைக்கும் ஒரு கூட்டு ஆணையமும், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயரும் அமைய, 2025 தொடக்கத்தில் அரசு இந்தப் பகுதியை முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மேயர் தேர்தலை 2027 மே மாதம் நடத்தத் திட்டம். போக்குவரத்தும் பொருளாதார வளர்ச்சியும் அதன் முதன்மைப் பணிகளாக இருக்கும். வெள்ளத் தடுப்பையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பை அதற்குக் கொடுக்கச் சொல்லி வேட்பாளர்களிடம் இப்போதே கேட்க வேண்டும்.

துறைமுகம் எழுதியது:

அப்படியானால் 1974-இல் கட்டி, 2023-இல் கலைத்த கம்ப்ரியா திரும்பவும் வருகிறது. மேயர் பாரோவுக்கும் வந்து கூட்டம் நடத்துவாரானால் எனக்குச் சம்மதமே.

ஏரிக்கரை எழுதியது:

கையேட்டின் முதல் பத்தியை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

“கம்ப்ரியா இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள சடங்குக் கவுண்டி. நடுவில் மலைகளும் ஏரிகளும், விளிம்பில் ஊர்களும் அமைந்தது. இதற்கெனத் தனிக் கவுண்டி மன்றம் இன்று இல்லை. 2023 முதல், கம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து-ஃபர்னஸ் என்ற இரண்டு மன்றங்கள் இதை ஆள்கின்றன. கார்லைல், வைட்ஹேவன், பென்ரித் ஆகியவை கம்பர்லாந்திலும், கெண்டல், பாரோ ஆகியவை வெஸ்ட்மோர்லாந்து-ஃபர்னஸிலும் உள்ளன.”

கவுண்டியை ‘மாவட்டம்’ என்று எழுதலாமா என்றும் யோசித்தேன். ஆனால் கலைக்கப்பட்ட ஆறு சிறிய மன்றங்களையும் மாவட்டம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. மேலும் மாவட்டம் என்றவுடன் நம் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளுக்கு ஆட்சியர் அலுவலகம் நினைவுக்கு வரும். இங்கே அரசு நியமிக்கும் ஆட்சியர் கிடையாது. ஆகவே கவுண்டி என்றே விட்டுவிட்டேன். சரிதானா?

பழையவரைபடம் எழுதியது:

கவுண்டி என்றே இருக்கட்டும். ஆனால் பென்ரித்தைப் பழைய வரைபடத்தில் இருக்கும் இடத்தில் வைத்துவிட்டீர்கள். அது இப்போது வெஸ்ட்மோர்லாந்து-ஃபர்னஸில் இருக்கிறது. அச்சுக்குப் போகும்முன் மாற்றிவிடுங்கள்.

ஏரிக்கரை எழுதியது:

மாற்றிவிட்டேன். அந்த இடத்தில் வர்க்கிங்டனைச் சேர்த்திருக்கிறேன். அடுத்த பக்கத்துக்கு ஈடன் ஆற்றை ஊற்றிலிருந்து கடல்வரை ஒரே தாளில் வரையச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறேன். மன்ற எல்லையை அவர்கள் பென்சிலால் போடுவார்கள்.